ஏழு யூனிட் கல்

குன்னூர்ப் பக்கம் வீடு வாங்குகிறவர்கள் முன்பக்கத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். வழக்குகள் பின்பக்கத்திலிருந்து வருகின்றன. நீலகிரியில் தொழில் செய்கிற எந்த வக்கீலும் இதை ஒப்புக்கொள்வார். எல்லைத் தகராறு, சரிந்து வந்த மண், மேல் வீட்டுக் கழிவுநீர், எப்போது விழுமோ என்று நிற்கிற சில்வர் ஓக் மரம் என்று பின்பக்கம் எங்களுக்குக் குறைவில்லாமல் வேலை கொடுக்கிறது. நான் சொல்லப்போவது தோட்டம் போடக் கொடுத்த ஒரு எஸ்டிமேட் பற்றி. தொகை பெரிதில்லை, தீர்ப்பு எந்தச் சட்டப் பத்திரிகையிலும் வரவில்லை. ஆனால் சரிவான நிலத்தில் செலவுக் கணக்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை எந்தப் பொறியியல் புத்தகத்தையும்விட அந்த வழக்குக் கட்டு எனக்கு நன்றாகக் காட்டியது.

என் கட்சிக்காரர் ஒரு தோட்ட மேஸ்திரி. அவருடைய அப்பா சிம்ஸ் பூங்காவில் வேலை பார்த்தவர். 1874-இல் ஒரு பள்ளத்தின் இரண்டு சரிவுகளிலும் அமைத்த பூங்கா அது. அங்கே ஓடியாடி வளர்ந்தவருக்குச் சரிவு என்றால் பயமில்லை. அதுவே பிறகு அவருக்குத் தொந்தரவாகவும் ஆனது. எதிர்த்தரப்பு, சென்னையில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்று, குன்னூரில் பழைய வீடு ஒன்றை வாங்கி வந்தவர். வீடு ரோட்டை ஒட்டி ஒரு திட்டில் நிற்கிறது. அதன் பின்னால் 50 அடி அகலத்துக்கு நிலம் கீழே ஓடை வரை இறங்குகிறது. ரோட்டிலிருந்து பின்பக்கம் போக வீட்டுச் சுவருக்கும் வேலிக்கும் நடுவே மூன்றடிச் சந்து ஒன்றுதான் வழி.

2010-ஆம் ஆண்டு தொடக்கத்தில் மேஸ்திரி கொடுத்த கொட்டேஷன் ஒரே ஒரு தாள். பில் புத்தகத்திலிருந்து கிழித்தது. முகப்பில், வீட்டின் பின்புறச் சரிவில் மூன்று தட்டாகத் தோட்டம் அமைத்துத் தருவதற்கு, படிக்கட்டு, புல், செடி உட்பட மொத்தம் ரூ. 4,60,000 என்று எழுதியிருந்தது. கீழே இரண்டு கையெழுத்து. அவ்வளவுதான். எத்தனை அடி இறக்கம், தட்டு எவ்வளவு அகலம், சுவர் உண்டா, உண்டென்றால் எவ்வளவு உயரம், ஒன்றுமில்லை.

வேலை ஆரம்பித்தது. மேல் தட்டும் நடுத் தட்டும் சிக்கலில்லாமல் முடிந்தன. கீழ்த் தட்டில் கடப்பாரையைப் போட்டபோது அது வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கிவிட்டது. முன்பு வீட்டை வைத்திருந்தவர் பழைய கட்டடத்தை இடித்த செங்கல், ஓடு, சுண்ணாம்புக் காரையெல்லாம் சரிவில் தள்ளி, மேலே ஒரு முழம் மண் போட்டு மூடியிருக்கிறார். அதற்குமேல் புல் முளைத்து எல்லாம் நிலமாகவே தெரிந்தது. மேஸ்திரி நினைத்திருந்த இரண்டடிக் கல் கட்டு அங்கே நிற்காது. வீட்டுக்காரருக்குத் தெரிந்த பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து, கெட்டி மண் வரும் வரை தோண்டி ஏழடி உயரத்துக்குச் சுவர் கட்டினால்தான் மேலே இருப்பது நிலைக்கும் என்றார். 2009 நவம்பர் மழை முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டி, மாவட்டம் முழுக்க நாற்பது பேருக்கு மேல் செத்துப்போய், ரோடும் ரயில் பாதையும் அறுந்து கிடந்த மழை அது. அதைப் பார்த்த எவரும் அந்தச் சமயத்தில் சுவர் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். சுவர் கட்டியாயிற்று.

பணம் கேட்டபோது வங்கிக்காரர், "மொத்தம் என்று எழுதிக் கொடுத்தீர்களே" என்றார். அதுவரை ரூ. 4,00,000 கொடுத்திருந்தார். மீதி 60,000-த்தையும் சுவருக்கான 2,85,000-த்தையும் சேர்த்து மேஸ்திரி 3,45,000 கேட்டார். இரண்டு வருடம் நடையாய் நடந்துவிட்டு என்னிடம் வந்தார். செய்த வேலைக்குக் கூலி கேட்டு வழக்குப் போட, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. காலம் இருந்தது, ஆனால் தாராளமாக இல்லை.

உதகை சார்பு நீதிமன்றத்தில் வழக்குரையைத் தாக்கல் செய்யுமுன் அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்தில் மொத்தத் தொகை என்று இருந்தால், வாய்மொழியாக அதை மாற்றிச் சொல்ல சாட்சியச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு விடாது. இன்றைய பாரதிய சாட்சிய அதினியத்தில் அது 95-ஆம் பிரிவாக இருக்கிறது. அதில் காப்புரைகள் உண்டு. அவற்றில் ஆறாவது எனக்குப் பிடித்தது: ஓர் ஆவணத்தில் உள்ள வாசகம் நேரில் இருக்கிற நிலைமையோடு எப்படிப் பொருந்துகிறது என்பதைக் காட்டச் சாட்சியம் கொடுக்கலாம். அதாவது, தாளைச் சரிவுக்கு அழைத்துப் போக அனுமதி உண்டு. ஆனால் அழைத்துப் போய் எதைக் காட்டுவது?

தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு பட்டியல் இருந்தது. மேஸ்திரி தனக்காகக் கூட்டிப் பார்த்தது. கல் 7 யூனிட், சிமெண்ட் 40 மூட்டை, கிக்கியு புல், ஹைட்ரேஞ்சியா, சாணி எரு, ஆள் கூலி. ஹைட்ரேஞ்சியாவை ஒரு பேனா அடித்துவிட்டு, பக்கத்தில் "ரோஜா 20" என்று எழுதி, சுருக்கொப்பமும் போட்டிருந்தது. பேனா எழுத்து வங்கிக்காரருடையது.

"இது யார் எழுதினது மேஸ்திரி?"

"சாருங்க. ஹைட்ரேஞ்சியா ரோட்டோரமெல்லாம் இருக்குது, ரோஜா போடுன்னாருங்க."

ஐந்து இலட்ச ரூபாய் வேலையில் அவர் கவனமாகத் திருத்தியது அந்த ஒரு வரியைத்தான். எனக்கு அது போதும் என்று தோன்றியது. பின்பக்கத்தைப் பார்த்திருக்கிறார், கை வைத்திருக்கிறார், ஒப்பமும் இட்டிருக்கிறார். அப்படியானால் அந்த ஏழு யூனிட் கல்லும் ஒப்பந்தத்தில் சேர்த்திதான்.

யூனிட் என்றால் நூறு கன அடி. கல், மணல், ஜல்லி எல்லாம் எங்கள் பக்கம் இந்தக் கணக்கில்தான் லாரியில் ஏறுகிறது. ஏழு யூனிட் கல்லில் எந்த அளவுச் சுவர் கட்ட முடியும், எந்த அளவு கட்ட முடியாது என்று ஒருவர் அளந்து சொன்னால், முகப்பில் எழுதாமல் விட்டது தானாக வெளியே வரும். இதற்காக உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26-ஆம் கட்டளை 9-ஆம் விதிப்படி வழக்கறிஞர் ஆணையரை நியமிக்க மனுப் போட்டேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எங்கள் பாரில் மூத்தவர். சாட்சியத்தைச் சேகரிக்க ஆணையரைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆட்சேபித்தார். நியாயமான ஆட்சேபணைதான், எங்கள் ஊரில் பாதி ஆணையர் மனுக்கள் அதற்காகவே போடப்படுகின்றன. ஆனால் நிலத்தின் இறக்கத்தை நீதிமன்ற அறைக்குள் கொண்டுவர வேறு வழியில்லை என்பதால் மனு அனுமதிக்கப்பட்டது. ஆணையராக ஓர் இளம் வழக்கறிஞர், அவருக்குத் துணையாகப் பொதுப்பணித் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பொறியாளர்.

அந்தப் பொறியாளர் வேலை செய்த விதத்தை இன்றும் ரசிக்கிறேன். அதுவரை இரு தரப்பும் சொன்ன பரப்பளவு வேறு வேறு. மேஸ்திரி 2,600 சதுர அடி என்றார், வீட்டுக்காரர் பத்திரப்படி 2,400 என்றார். இருநூறு சதுர அடியைக் கூட்டிக் காட்டி ஏமாற்றப் பார்த்தார் என்பது எதிர்வழக்குரையில் ஒரு பத்தி முழுக்க. பொறியாளர் டேப்பைத் தரையில் போடவில்லை. மட்டமாகப் பிடித்து, எட்டடிக்கு ஒருமுறை தூக்குக்குண்டை இறக்கி, அங்கிருந்து அடுத்த எட்டடி என்று படிப்படியாக இறங்கினார். ஆறு எட்டு, 48 அடி. ஒவ்வொரு தரமும் குண்டு இறங்கிய உயரத்தைக் குறித்துக்கொண்டே போய்க் கூட்டினார். 20 அடி.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சும்மா இருப்பாரா? தட்டு வெட்டியான பிறகு பழைய சரிவு எப்படித் தெரியும் என்றார். மேல் விளிம்பும் கீழ் எல்லையும் நகரவில்லையே என்று பொறியாளர் பதில் சொல்லிவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் கைகாட்டினார். அடுத்த வீட்டுச் சரிவு யாரும் தொடாமல் அப்படியே கிடந்தது. அனுமதி கேட்டு அதன்மேல் டேப்பைப் படுக்கவைத்து அளந்தார். 52 அடி. மேஸ்திரியின் 2,600 அங்கிருந்து வந்தது, பத்திரத்தின் 2,400 மட்டத்தில் அளந்ததிலிருந்து வந்தது. ஒருவரும் பொய் சொல்லவில்லை. நிலப் பத்திரங்கள் எப்போதுமே மட்டத்து அளவைத்தான் பேசும். புல் வாங்குகிறவனுக்கோ சாய்ந்த அளவு வேண்டும், ஏனென்றால் புல் சாய்ந்துதான் படுக்கும். எதிர்வழக்குரையின் அந்தப் பத்தி அன்றோடு செத்தது.

சதுர அடி யாரையும் காப்பாற்றவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். சரிவில் தோட்டம் போட இன்றும் சதுர அடிக்கு எவ்வளவு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதே 2,400 சதுர அடி ஐந்தடி இறக்கத்தில் கிடந்தால் செலவு ஒன்று, இருபதடி இறக்கத்தில் கிடந்தால் செலவு வேறொன்று. புல்லுக்கும் ரோஜாவுக்கும் ஆகிற தொகை இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. மாறுவது சுவர்.

பொறியாளர் கூண்டில் இதைப் பொறுமையாக விளக்கினார். மண்ணைத் தன் எடையாலேயே தாங்கி நிற்கிற கருங்கல் சுவருக்கு அடியகலம் உயரத்தில் பாதியாவது வேண்டும். உயரம் கூடினால் கனமும் சேர்ந்து கூடும். ஆகவே சுவரின் உயரம் இரண்டு மடங்கானால் கல் இரண்டு மடங்கில்லை, நான்கு மடங்கு. நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு, "நான்கா?" என்று கேட்டது நினைவிருக்கிறது. நான்குதான் என்று பொறியாளர் காகிதத்தில் வரைந்து காட்டினார்.

அதன் பிறகு கணக்கு நேராகப் போயிற்று. இருபதடி இறக்கத்தை மூன்று மட்டமான தட்டுகளாக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு சுவரும் ஆறே முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவு. சராசரி இரண்டரை அடி கனம், ஐம்பது அடி நீளம்: ஒரு சுவருக்கு எட்டு யூனிட்டுக்கு மேல். அஸ்திவாரம் நாலடி அகலம், இரண்டடி ஆழம் என்று குறைத்து வைத்தாலும் இன்னொரு நாலு யூனிட். மூன்று சுவருக்கும் சேர்த்து 37 யூனிட். அப்படியில்லாமல் இரண்டடி உயரம், ஓரடி அஸ்திவாரம், ஒன்றரை அடி கனம் என்று மூன்று சிறு கட்டுகள் போட்டால் 675 கன அடி, ஏழு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. பென்சில் பட்டியல் எந்தத் தோட்டத்துக்குப் போட்ட பட்டியல் என்பதில் இனி யாருக்கும் சந்தேகம் வர இடமில்லை.

மேஸ்திரியின் குறுக்கு விசாரணை அதற்கு முன்பே முடிந்திருந்தது. மூத்தவர் அவரை நன்றாகவே வறுத்தார்.

"இறக்கம் எத்தனை அடின்னு அளந்தீங்களா?"

"அளக்கலைங்க."

"அளக்காமலே எஸ்டிமேட் போட்டீங்க."

"கண்ணுல தெரியுமுங்களே."

"எவ்வளவு தெரிஞ்சது?"

"மூணரை ஆள் உயரமுங்க."

நீதிமன்றத்தில் சிரிப்பு. மூத்தவர் அந்தச் சிரிப்பைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். பிறகு, மூன்று தட்டு என்று எழுதிவிட்டு இரண்டடிக் கட்டு மட்டும் வைத்தால் மீதி இறக்கம் எங்கே போகும் என்று கேட்டார். மேஸ்திரிக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. "தட்டுன்னா பந்து வெளையாடற எடமாங்க? மலையில தட்டு சாஞ்சுதானுங்க இருக்கும். தண்ணி வழியணுமில்ல?" என்றார். மூன்று கட்டுகள் ஆறடியை வாங்கிக்கொள்ளும், மிச்சம் பதினாலு அடியைப் புல்சரிவே வாங்கிக்கொள்ளும். மூன்றரை அடிக்கு ஓரடி என்ற சாய்வு. நீலகிரியில் எத்தனையோ நல்ல தோட்டங்கள் அப்படித்தான் இருக்கின்றன. வங்கிக்காரரின் மனசில் இருந்தது வேறு தோட்டம்: நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடிக்கிற மட்டமான புல்தரை, மூன்று அடுக்கு. இருவரும் ஒரே இடத்தில் நின்று, ஒரே சரிவைப் பார்த்து, ஒரே தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

ஆணையர் அறிக்கை வந்தபோது மூணரை ஆள் உயரமும் இருபதடியும் ஒன்றாகவே இருந்தன. சிரித்தவர்கள் யாரும் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. நீதிபதி கவனித்திருந்தார், தீர்ப்பில் ஒரு வரி வந்தது.

வங்கிக்காரரை விசாரிப்பது எனக்கு எளிதாக இருக்கவில்லை. நிதானமானவர், எண்களோடு வாழ்ந்தவர். சுவர் கேட்டதே இல்லை, மேஸ்திரி தானாகக் கட்டினார் என்று முதல் விசாரணையில் சொல்லிவிட்டார். பொறியாளர் நண்பர் வந்தது உண்மை, ஆனால் அவர் தோட்டம் பார்க்க வந்தார் என்றார். கீழ்ச்சுவர் எழும்பிக்கொண்டிருந்த மாதத்தில், குன்னூர்க் கடையொன்றில் 60 மூட்டை சிமெண்ட் அவர் பெயரில் பில்லாகி, அவரே பணம் கட்டியிருந்தார். அந்தப் பில்லைக் காட்டினேன். மேஸ்திரிக்குக் கைமாற்றாகக் கட்டினேன் என்றார். மொத்தத் தோட்டத்துக்கே பட்டியலில் 40 மூட்டைதானே, 60 எதற்கு என்றேன். அது மேஸ்திரிக்குத்தான் தெரியும் என்றார்.

அப்புறம் வேறு பக்கம் போனேன்.

"வங்கியில் வீட்டுக் கடன் கொடுத்திருக்கிறீர்கள் இல்லையா?"

"நிறைய."

"பொறியாளர் போடும் எஸ்டிமேட்டை வாங்கிப் பார்ப்பீர்கள்?"

"ஒவ்வொரு ஐட்டமாகப் பார்ப்போம்."

"கல் எவ்வளவு, சிமெண்ட் எவ்வளவு என்பது வரை?"

"ஆமாம்."

"இந்த எஸ்டிமேட்டில் ரோஜாவைப் பார்த்தீர்கள். அதற்கு மூன்று வரி மேலே இருக்கிற கல்லைப் பார்க்கவில்லையா?"

"அது வங்கிப் பணம் சார். ஜாக்கிரதையாகப் பார்ப்போம்" என்றார். சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் உட்கார்ந்துவிட்டேன். சாட்சி தன் வாயால் உண்மையைச் சொன்ன பிறகும் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிற வழக்கம் எனக்கு இல்லை.

சட்டப் பக்கம் வாதம் கெட்டியாகவே நடந்தது. மூத்தவர் அலோபி பர்ஷாத் எதிர் இந்திய ஒன்றியம் என்ற 1960-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை வைத்தார். ஒப்பந்தத்தில் விலை எழுதியிருக்கும்போது, வேலை எதிர்பார்த்ததைவிடக் கஷ்டமாகிவிட்டது, செலவு கூடிவிட்டது என்று சொல்லி அதிகம் கேட்க முடியாது. அதில் எனக்கு மறுப்பே இல்லை. மேஸ்திரியின் கல் விலை ஏறியிருந்தால், கூலி ஏறியிருந்தால், நான் வழக்கையே எடுத்திருக்க மாட்டேன். என் கேள்வி, இந்தச் சுவர் ஒப்பந்தத்துக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பது மட்டும்தான். வெளியே இருந்தால் இந்திய ஒப்பந்தச் சட்டம் 70-ஆம் பிரிவு வருகிறது: இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல், சட்டப்படி ஒருவன் இன்னொருவனுக்காக ஒன்றைச் செய்து, அந்த இன்னொருவன் அதன் பலனை அனுபவித்தால், அதற்கு ஈடு கொடுத்தாக வேண்டும். வீடு கட்டும் ஒப்பந்தத்தில் கூடுதலாகச் செய்த வேலைக்கு இந்தப் பிரிவின்படி பணம் கேட்கலாம் என்று சுப்ரமணியம் எதிர் தாயப்பா வழக்கில் 1961-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை வைத்தேன். சுவரைக் கட்டச் சொன்னதாக வாய்மொழி ஒப்பந்தம் நிரூபணமாகாவிட்டாலும், பக்கத்தில் நின்று பார்த்து, சிமெண்டும் வாங்கிக் கொடுத்து, அந்தச் சுவரின் மேலே ரோஜா வளர்க்கிறவர் பலனை அனுபவிக்கவில்லை என்று சொல்ல முடியாது.

பிரிவில் "சட்டப்படி" என்று இருக்கிறதே, மலையில் மண் தோண்ட அனுமதி வாங்கினீர்களா என்று மூத்தவர் ஒரு கல்லை எறிந்து பார்த்தார். மண் அள்ளும் இயந்திரத்தை எங்கள் மாவட்டத்தில் இறக்க நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மூன்றடிச் சந்துக்குள் எந்த இயந்திரம் போகும்? எல்லாம் மண்வெட்டியும் பாண்டுச் சட்டியும்தான்.

அந்தச் சந்துதான் தொகையைத் தீர்மானித்தது. மேஸ்திரியின் 2,85,000-ஐ மூத்தவர் வரிவரியாகக் கிழித்தார். மேட்டுப்பாளையத்தில் கல் என்ன விலை என்று ஒரு ரசீது கொண்டுவந்தார். கல்லும் ஜல்லியும் பெரும்பாலும் அங்கிருந்துதான் மலை ஏறி வருகின்றன, அதனால் ரசீதில் தப்பில்லை. ஆனால் லாரி ரோட்டில் கொட்டிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து கீழ்ச்சுவர் வரை? நான் பொறியாளரிடம் கேட்டேன். ஒரு யூனிட் கருங்கல் சுமார் நாலரை டன். ஒரு ஆள் சந்துக்குள் நுழைந்து, வழுக்குகிற சரிவில் இறங்கும்போது இருபத்தைந்து கிலோவுக்கு மேல் தூக்க முடியாது. யூனிட்டுக்கு 180 நடை. கீழ்ச்சுவர் தரைக்கு மேலே 875 கன அடி, தரைக்குக் கீழே இடிபாட்டைத் தோண்டி நாலடி ஆழத்தில் போட்ட அஸ்திவாரம் 900 கன அடி. மொத்தம் கிட்டத்தட்ட 18 யூனிட். கல்லுக்கு மட்டும் மூவாயிரம் நடைக்கு மேல், ஒவ்வொன்றுக்கும் வெறுங்கையோடு ஒரு ஏற்றம். மணலும் சிமெண்டும் கலவைத் தண்ணீரும் தனி. தோண்டிய இடிபாடு அதே சந்து வழியாக மேலே வந்தாக வேண்டும், அதுவும் சும்மா வராது: கெட்டியாகக் கிடந்த நூறு கன அடியைத் தோண்டினால் நூற்றிருபது, நூற்றிருபத்தைந்தாக உப்பும். பொதுப்பணித் துறை விலைப் பட்டியலில் சுமக்கும் தூரத்துக்கும் ஏற்றத்துக்கும் தனித் தனி வீதம் உண்டு, மலைப் பகுதிக்குக் கூடுதல் சதவீதமும் உண்டு. அரசாங்கம் தனக்குத் தானே ஒப்புக்கொண்டிருக்கிற செலவைத் தனியாள் ஒருவரிடம் கேட்டால் கொள்ளை என்கிறார்கள்.

பொறியாளர் அந்த வீதங்களை வைத்து, பட்டியலில் கீழ்க் கட்டின் பங்காக ஏற்கெனவே இருந்த இரண்டேகால் யூனிட்டைக் கழித்து, கூடுதல் பதினைந்தரை யூனிட்டுக்கு ரூ. 1,98,000 என்றார். நாங்கள் கேட்டது 2,85,000. வித்தியாசத்தைப் பற்றி மேஸ்திரியிடம் கேட்டால், "வக்கீலுக்குக் குடுக்கறதையும் சேர்த்துத்தானுங்க போட்டேன்" என்றார். அந்த வாதத்தை நான் நீதிமன்றத்தில் வைக்கவில்லை.

எதிர்க்கோரிக்கை ஒன்றும் இருந்தது. கீழ்த் தட்டு முதல் வடகிழக்குப் பருவமழையிலேயே நடுவில் ஒரு அடிக்குமேல் அமுங்கி, சுவர் ஓரிடத்தில் வயிறு தள்ளியது. அதற்கு ரூ. 1,50,000. இதில் எங்கள் பக்கம் பலவீனம் என்று முதல் நாளே மேஸ்திரியிடம் சொல்லியிருந்தேன். சுவருக்குப் பின்னால் மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்தவில்லை. மழை நெருங்கிவிட்டது என்று அப்படியே கொட்டி நிரப்பியிருந்தார். உப்பிய மண் ஒருநாள் அமுங்கத்தானே செய்யும். தண்ணீர் வெளியேறச் சுவரில் விட்ட துளைகள் போதவில்லை, துளைக்குப் பின்னால் ஜல்லியும் போடவில்லை. மண்ணின் தள்ளலைத் தாங்குகிற சுவர், அதோடு தேங்கிய தண்ணீரின் தள்ளலும் சேர்ந்தால் தாங்காது. ஆனால் வீட்டுக் கூரைத் தண்ணீரைக் குழாய் போட்டு நேராக அந்தத் தட்டில் விட்டது வீட்டுக்காரர். பொறியாளர் இரண்டையும் எழுதினார். நீதிமன்றம் எதிர்க்கோரிக்கையில் ரூ. 40,000 கொடுத்தது. எனக்கு அது சரியான தொகையாகவே பட்டது. சொல்லப்போனால் இன்னும் பத்தாயிரம் போட்டிருந்தாலும் மேல்முறையீடு செய்யச் சொல்லியிருக்க மாட்டேன்.

மீதி 60,000, சுவருக்கு 1,98,000, கழிவு 40,000. ரூ. 2,18,000-த்துக்கும் ஆறு சதவீத வட்டிக்கும் தீர்ப்பாணை. செலவுத்தொகை அவரவர் பொறுப்பு. முகப்பில் உள்ள மொத்தத் தொகை பின்பக்கத்தில் உள்ள பட்டியலோடு சேர்த்தே படிக்கப்பட வேண்டும், ஏழு யூனிட் கல்லில் அடங்காத சுவர் அந்த மொத்தத்தில் அடங்காது என்று நீதிபதி எழுதினார். அளக்காமலே மூணரை ஆள் உயரம் என்று வாதி சொன்னது அளவோடு ஒத்துப்போவதால், அவர் இரண்டடிக் கட்டுகளைத் தெரிந்தே திட்டமிட்டார் என்பது நம்பத்தக்கது என்றும் சேர்த்திருந்தார்.

வங்கிக்காரர் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. வட்டியைக் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார். பணத்தை நீதிமன்றத்தில் கட்டிவிட்டார்.

மேஸ்திரி அதற்கப்புறம் என்னிடம் ஒரு படிவம் அடித்துத் தரச் சொன்னார். இறக்கம் எத்தனை அடி, மூன்று இடத்தில் சோதனைக் குழி தோண்டியதில் கெட்டி மண் எத்தனை ஆழத்தில், தட்டு மட்டமா சாய்வா, சுவர் ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம், தண்ணீர் எந்த வழியாகப் போகும், ரோட்டிலிருந்து சுமக்கும் தூரம் எவ்வளவு, சொன்ன ஆழத்துக்குக் கீழே போனால் அடிக்கு என்ன வீதம் என்று மூன்று பக்கம் வந்தது. சில மாதம் கழித்துப் பார்த்தபோது, படிவத்தை நீட்டினால் பாதிப்பேர் யோசித்துச் சொல்கிறோம் என்று போய்விடுகிறார்கள், ஒரே தாளில் எழுதித் தருகிற இன்னொருவர் அந்த வேலைகளைப் பிடித்துக்கொள்கிறார் என்றார். குழி தோண்டுவதற்கு அரை நாள் கூலி கேட்டால் சண்டைக்கே வருகிறார்களாம். படிவத்தை விட்டுவிடப் போகிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். மொத்தத் தொகையை மட்டும் முதல் வரியாக மேலே ஏற்றித் தரச் சொன்னார். அது கண்ணில் படாவிட்டால் மற்றதை ஒருவரும் படிப்பதில்லையாம். ஏற்றிக் கொடுத்தேன், அதற்குக் கீழே இந்தத் தொகை பின்வரும் அளவுகளுக்கு மட்டும் என்று ஒரு வரியும் சேர்த்து.